ஒரு பாய், ஒரு பை பொம்மை, அரை மணி நேரம்

என் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அண்ணன் மகள் கூடத்து மூலையில் மரப்பாச்சியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. செருப்பு டப்பாவுக்குள் பொம்மையைப் படுக்க வைத்து, அதன் காலைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். மரப்பாச்சிக்குக் கால் இரண்டும் ஒட்டியேதான் இருக்கும், அதற்கு எதற்குக் கட்டு? அப்புறம்தான் உறைத்தது. அப்பாவுக்குக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தோம். குழந்தைகள் பார்க்க வேண்டாம் என்று அவளைப் பக்கத்து வீட்டில்தான் விட்டிருந்தோம். எங்கிருந்தோ பார்த்திருக்கிறாள்.

"சீ, இதென்ன விளையாட்டு, அபசகுனம் பிடிச்ச மாதிரி" என்று டப்பாவைப் பிடுங்கி அலமாரி மேல் போட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் அவள் அந்தப் பொம்மை இருந்த திசைக்கே போகவில்லை. ராத்திரி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் பார்த்து வயிற்று வலி வரும். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்ல, பிள்ளை எதுக்கோ ஏங்குது" என்றார். "தாத்தா ஞாபகமாடா?" என்று கேட்டால் "இல்ல." அவ்வளவுதான்.

அந்த டப்பாவைத் திரும்பக் கீழே இறக்குவதற்காக நான் படித்ததும், ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டதும், பாயில் உட்கார்ந்து தப்பும் தவறுமாகச் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. நான் உளவியல் படித்தவள் இல்லை. வீட்டில் ஒரு சாவு, அப்பா அம்மா பிரிவு, ஊர் மாற்றம், நீண்ட ஆஸ்பத்திரி வாசம் என்று எதையோ தாண்டி வரும் குழந்தையோடு இருக்கிற அம்மா, அத்தை, தாத்தா யாரும் செய்யக்கூடிய அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கோடு

குழந்தை வாயால் சொல்ல முடியாததை விளையாட்டின் வழியாக வெளியே கொண்டு வர உதவுவதுதான் விளையாட்டு சிகிச்சை. அது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-ல் அதன் அடிப்படைகளை எழுதி வைத்தார். குழந்தைதான் வழிகாட்டும், பெரியவர் பின்னால் போக வேண்டும் என்பது அதில் முக்கியமானது. 1960-களில் பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி தம்பதியினர் இதில் ஒரு பகுதியைப் பெற்றோருக்கே கற்றுக் கொடுக்கத் தொடங்கினார்கள். வாரம் ஒரு தடவை, அரை மணி நேரம், தன் பிள்ளையோடு மட்டும். நாம் வீட்டில் செய்யப் போவது இந்த இரண்டாவதன் எளிய வடிவம். சுமார் 3 வயதிலிருந்து 10 வயது வரை இது பொருந்தும்.

வீட்டில் ஆரம்பிக்கவே கூடாத இடங்களும் உண்டு. குழந்தை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது, சாக வேண்டும் என்று பேசுகிறது, சாப்பாடும் தூக்கமும் அடியோடு போய்விட்டது, யாராவது தப்பாக நடந்துகொண்டிருப்பார்களோ என்று சந்தேகம் இருக்கிறது என்றால் முதலில் நிபுணரிடம் போங்கள். இன்னொன்று, நீங்களே அந்தத் துக்கத்தில் மூழ்கிக் கிடக்கிறீர்கள் என்றால் வீட்டில் வேறொருவரை உட்காரச் சொல்லுங்கள். அவளுக்குத் தாத்தா என்றால் எனக்கு அப்பா. அதனால்தான் நான் ஒரு மாதம் கழித்தே தொடங்கினேன்.

நேரமும் இடமும்

ஒரு கிழமை, ஒரு மணி. எங்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி. பத்து என்றால் பத்துதான். அந்த வாரம் முழுக்க அவள் செய்த குறும்புக்குத் தண்டனையாக அதை ரத்து செய்யவும் கூடாது, ஹோம்வொர்க் முடித்தால்தான் உண்டு என்று பேரம் பேசவும் கூடாது. வீட்டில் எது மாறினாலும் இது மாறாது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். சொல்லப்போனால் வைத்தியத்தில் பாதி அங்கேயே நடந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

தனி அறை எல்லாம் நம் வீடுகளில் எங்கே இருக்கிறது? ஒரு பாய் போதும். பாயின் ஓரம்தான் எல்லை. மாடிப்படி திரும்பும் இடம், மொட்டைமாடி நிழல், சமையலறைத் தரை எதுவானாலும் சரி, டிவி சத்தம் வராத இடமாக இருக்கட்டும். செல்போனை அணைத்து வேறு அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது. தம்பி தங்கை இருந்தால் அந்த அரை மணி அவர்களை யாராவது கடைக்குக் கூட்டிப் போகட்டும்.

பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இரண்டாவது வாரமே அண்ணியின் அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் உக்காந்து சொப்பு வெச்சு விளையாடுறீங்களா, அவ எழுத்துப் பயிற்சி எழுதட்டுமே" என்றார். "பத்தரைக்கு எழுதுவா அத்தே" என்று சொல்லி அனுப்பினேன்.

பைக்குள் என்ன

இதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். கடையில் விலை உயர்ந்த பொம்மை எதுவும் வேண்டாம். ஒரு துணிப்பைக்குள் அடங்குகிற சாமான் போதும். ஆனால் மூன்று வகை கட்டாயம் இருக்க வேண்டும்: வீட்டை, ஊரைக் காட்டுகிறவை, கோபத்தைக் கொட்டுவதற்கானவை, கையால் எதையாவது செய்வதற்கானவை.

முதல் வகைக்குக் கோயில் திருவிழாக் கடையில் கிடைக்கும் சொப்பு சாமான் அருமை. அடுப்பு, தோசைக்கல், குடம், தட்டு இருந்தால் ஒரு குடும்பமே நடக்கும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, குழந்தை என்று சொல்லிக்கொள்ள ஐந்தாறு மனித உருவங்கள், ஒரு டாக்டர் செட்டு, பஸ், ஆம்புலன்ஸ், வீட்டு மிருகங்கள், காட்டு மிருகங்கள். பேசுவதற்கு இரண்டு பொம்மை போன்கள். ஒன்று போதாது, மறுமுனையில் நீங்கள் வேண்டும். ஒரு பெரிய கைக்குட்டை. அது போர்வையாகும், சேலையாகும், ஆறாகும், ஒளிந்துகொள்ளும் இடமாகும்.

மனித பொம்மையில் மரப்பாச்சிக்கு இணை எதையும் நான் பார்க்கவில்லை. அதன் முகம் சிரிக்கவும் சிரிக்காது, அழவும் அழாது. எப்போதும் பல்லைக் காட்டிச் சிரிக்கும் பிளாஸ்டிக் பொம்மையைச் செத்துப்போனதாகவோ, பயந்துபோனதாகவோ வைத்துக்கொள்ள முடியுமா? கொலுப்படியில் ஜரிகைப் பாவாடை கட்டி நிற்கும் ஜோடியைக் கொடுக்க வீட்டில் மனசு வராது. தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகைதான் நம் வீடுகளில் சண்டையைக் கிளப்பும். ரப்பர் பாம்பு, பல்லைக் காட்டும் புலி, முதலை, இரண்டு சிப்பாய்கள், மரக் கத்தி. துப்பாக்கி வைக்கலாமா என்று கேட்டால், தீபாவளித் துப்பாக்கியைக் கேப் இல்லாமல் வைக்கலாம் என்பேன். வீட்டில் யாருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், குழந்தை விரலை நீட்டித் துப்பாக்கி செய்துகொள்ளும். வெளிநாட்டு சிகிச்சை அறைகளில் காற்றடைத்த ஓர் ஆள் பொம்மை நிற்கும். குத்தினால் விழும், விழுந்தால் எழும். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, நம் தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மை வேறென்ன? அடிப்பகுதி கனமாக இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். தஞ்சாவூர் பொம்மை குத்து தாங்காது. அதைத் தள்ளி விளையாட வைத்துக்கொண்டு, குத்துவதற்கு ஒரு பழைய தலையணையைத் தனியாகக் கொடுங்கள்.

மூன்றாவதற்கு காகிதம், மெழுகுக் கலர், களிமண். களிமண் கிடைக்காத ஊரில் 2 கப் மைதாவுக்கு 1 கப் தூள் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, முக்கால் கப்பிலிருந்து 1 கப் வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசையுங்கள். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். உப்பு அதிகம் என்பதால் வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு வேண்டாம்.

இடம் இருந்தால் மணல் தட்டும் வைக்கலாம். லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் 1920-களின் கடைசியில் தன் கிளினிக்கில் மணல் தட்டும் சின்னச் சின்ன உருவங்களும் வைத்தார். குழந்தைகள் அதில் ஆளுக்கொரு உலகம் கட்டினார்கள். இன்று சிகிச்சை அறைகளில் இருக்கும் தட்டு சுமார் 75 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் முழுதும் தெரியும் அளவு அது. உள்பக்கம் நீல வண்ணம் பூசியிருப்பார்கள், மணலை விலக்கினால் தண்ணீர் தெரியும். பாத்திரக்கடையில் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று போதும். ஆற்று மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். மணலில் வீடு கட்டுவது நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன, சிற்றில் என்று பிள்ளைத்தமிழில் அதற்கு ஒரு பருவமே இருக்கிறதே.

வேண்டாதவை: பட்டனை அமுக்கினால் பாடுகிறவை, ஜெயிப்பும் தோற்பும் உள்ள கேரம் மாதிரி ஆட்டங்கள், சரியான விடை ஒன்றே உள்ள புதிர்கள், டிவியில் வரும் கதாபாத்திரங்கள். அவற்றுக்கு ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. இவளுடைய கதைக்கு இடம் இருக்காது.

பையை மற்ற நாட்களில் எடுக்கக் கூடாது. உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள். நான் அந்தச் செருப்பு டப்பாவையும் எதுவும் சொல்லாமல் பைக்கு அடியில் வைத்தேன்.

வாயை என்ன செய்வது

எல்லாவற்றிலும் கஷ்டமான பகுதி இதுதான். குழந்தையோடு பேசுவது என்றாலே நமக்குக் கேள்வி கேட்பது. "இது என்ன கலர்? யானை எப்படிக் கத்தும்? எங்கே, மாமாவுக்கு ஏபிசிடி சொல்லிக் காட்டு." பாயில் உட்கார்ந்த பின் கேள்வி கிடையாது, பாடம் கிடையாது, "ரொம்ப அழகா இருக்கே" என்ற பாராட்டும் கிடையாது. பாராட்டினால் குழந்தை உங்களுக்குப் பிடித்த மாதிரி விளையாட ஆரம்பித்துவிடும்.

ஆரம்பிக்கும்போது ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். நான் சொன்னது: "இந்த அரை மணி நேரம் நம்ம ரெண்டு பேருக்குத்தான். இதுல இருக்கறதை வெச்சு உனக்குத் தோணுற மாதிரி விளையாடலாம்."

அப்புறம் அவள் செய்வதை மெல்ல வாயால் சொல்லிக்கொண்டு வரவும். "அதை எடுத்து அங்க வெக்கிற." "ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்ட." கிரிக்கெட் வர்ணனை போல ஓயாமல் அல்ல, அவ்வப்போது. முகத்தில் ஏதாவது தெரிந்தால் அதற்கும் ஒரு சொல்: "அது விழுந்துட்டதுல உனக்கு எரிச்சலா இருக்கு." ஆத்திரம், எரிச்சல், ஏக்கம், பயம், ஏமாற்றம், வெட்கம் என்று நம்மிடம் நல்ல சொற்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் 'அப்செட்' என்ற ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள்.

குழந்தை பெயர் வைக்கும் வரை பொம்மைக்கு நீங்கள் பெயர் வைக்கக் கூடாது. பாம்பு உங்களுக்குத்தான் பாம்பு. அவளுக்கு அது ஆஸ்பத்திரிக் குழாயாக இருக்கலாம். 'அது', 'இது' என்றே சொல்லுங்கள். "அத்தே, இது என்ன?" என்று கேட்டால், "நீ என்னன்னு வெச்சுக்கறியோ அது."

முதல் இரண்டு சனிக்கிழமையும் அவள் காப்பி போட்டாள், எனக்கு ஊற்றிக் கொடுத்தாள், அவ்வளவுதான். இப்படித்தான் இருக்கும், அவசரப்பட வேண்டாம். மூன்றாவது வாரம் பைக்கு அடியில் கையை விட்டு டப்பாவை எடுத்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். மரப்பாச்சியைப் படுக்க வைத்தாள். ரப்பர் பேண்டைத் தேடி எடுத்துக் காலில் இரண்டு சுற்றுப் போட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

"அதுக்குக் காலைக் கட்டுற" என்றேன்.

"ஆமா. இல்லேன்னா எந்திரிச்சுப் போயிடும்."

"எந்திரிச்சுப் போயிடக் கூடாதுன்னு கட்டுற."

"ம்." கைக்குட்டையை எடுத்துக் கழுத்து வரை போர்த்தினாள். முகத்தை மூடவில்லை.

"தாத்தா எங்கயும் போகலடா, சாமிகிட்ட இருக்காரு" என்று நுனி நாக்கு வரை வந்ததை விழுங்கினேன். தாத்தா என்று அவள் இன்னும் சொல்லவே இல்லையே. ஐந்தாவது வாரம்தான் சொன்னாள்.

அடிக்க வந்தால்

வருவார்கள். பாயில் எதுவும் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை. ஆளை அடிக்கக் கூடாது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக் கூடாது, வேண்டுமென்றே பொருளை உடைக்கக் கூடாது. இந்த விதிகளை முதல் நாளே பட்டியல் போட்டுப் படிக்க வேண்டாம். தேவைப்படும்போது மூன்று பகுதியாகச் சொல்லுங்கள். முதலில் உணர்வு, அடுத்து எல்லை, கடைசியில் மாற்று வழி. "உனக்கு அத்தை மேல கோபம் கோபமா வருது. அத்தையை அடிக்கறதுக்கில்ல. தலகாணியை அடிக்கலாம்." இதே வரிசையில், குரல் உயராமல். நிற்காவிட்டால் இன்னொரு தடவை அதையே. மூன்றாம் தடவை: "இன்னொரு வாட்டி அடிச்சா, இன்னிக்குப் பையைக் கட்டிடலாம்னு நீயே முடிவு பண்றேன்னு அர்த்தம்." சொன்னால் கட்ட வேண்டும். அடுத்த சனிக்கிழமை எதுவும் நடக்காதது போல மறுபடி பத்து மணிக்குப் பாயை விரிக்க வேண்டும்.

முடிக்கும்போது ஐந்து நிமிடம் முன்னால் ஒரு தடவை, ஒரு நிமிடம் முன்னால் ஒரு தடவை சொல்லுங்கள். சாமான்களை அடுக்கி வைப்பது உங்கள் வேலை. தன் மனசையே கொட்டிவிட்டுப் போகும் பிள்ளையிடம் "எல்லாத்தையும் எடுத்து வை" என்று சொன்னால் நன்றாக இருக்காது.

என்ன தெரியும், எப்போது பயப்பட வேண்டும்

ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுவது இயல்பு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கடலோரக் கிராமங்களில் பிள்ளைகள் அலை வந்து வீட்டை அடிப்பதையே மணலில் ஆடினார்கள், தாளில் வரைந்தார்கள். போர்க்காலத்தில் மட்டக்களப்பில் 1996-ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி வந்து களிமண், வண்ணம், கதை, நாடகம் என்று விளையாட இடம் கொடுத்தார்கள். நடந்ததைச் சொல்லு என்று உட்கார வைத்துக் கேட்காமலே நிறைய வெளியே வரும் என்பதை அங்கே வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் திரும்பத் திரும்ப ஆடுவதிலும் இரண்டு விதம். ஒன்றில் வாராவாரம் ஏதாவது கொஞ்சம் மாறும்: ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும், யாராவது காப்பாற்றுவார்கள், சிரிப்பு வரும். மற்றதில் எதுவுமே மாறாது. 1976-ல் கலிபோர்னியாவின் சவ்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகளைக் கடத்தி மண்ணுக்கடியில் அடைத்து வைத்தார்கள், அவர்கள் தப்பி வந்தார்கள். அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், நடந்ததையே திரும்பத் திரும்ப ஆடும் அவர்கள் விளையாட்டில் மகிழ்ச்சி இல்லை, ஆடி முடித்தாலும் நிம்மதி இல்லை, அதே காட்சி அப்படியே சுற்றுகிறது என்று எழுதினார். உங்கள் வீட்டுப் பாயிலும் ஐந்தாறு வாரமாக இறுகிய முகத்தோடு ஒரே காட்சி ஓடினால், அல்லது விளையாட்டுக்கு அப்புறம் குழந்தை இன்னும் பதறிப் போனால், நிறுத்திவிட்டுக் குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போங்கள். உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. யாரைப் பார்ப்பது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இதற்காக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். விளையாடும்போது எழுதாதீர்கள், முடிந்த பிறகு நாலு வரி போதும். என்ன எடுத்தாள், என்ன மாறியது, எனக்கு எங்கே நெஞ்சு அடைத்தது. அர்த்தம் கண்டுபிடிக்க மட்டும் உட்காராதீர்கள். முதலை அப்பா பொம்மையைக் கடித்தால் அப்பா கெட்டவர் என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

ஆனால் குழந்தை தன் வாயால், இன்னார் என்னை இப்படிச் செய்தார் என்று சொன்னால் அது வேறு. துருவித் துருவிக் கேட்காதீர்கள், பொம்மையை வைத்துக் காட்டு என்று சொல்லாதீர்கள். "சொன்னது நல்லதாச்சு, உன் மேல தப்பில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று தெரிந்த பிறகு தெரிவிக்காமல் இருப்பது குற்றம். குடும்ப மானம் என்று யாராவது தடுத்தாலும் இதில் இரண்டாவது பேச்சு கிடையாது.

முடிப்பது

படுக்கை நனைவது ஏழாவது வாரம் வாக்கில் குறைந்தது. பொம்மையால்தானா, நாள் ஓடியதாலா, நாங்கள் எல்லோரும் கொஞ்சம் தேறியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. எட்டாவது வாரம் அவள் மரப்பாச்சியின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். "தாத்தாவுக்குக் காப்பி" என்று சொப்புக் குவளையை அதன் முகத்தருகே பிடித்தாள். "சர்க்கரை போடலத்தே, சுகர் இருக்குல்ல."

பத்தாவது வாரம் தெருவில் பிள்ளைகள் கூப்பிடும் சத்தம் கேட்டு, பாயை விட்டு இரண்டு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போனாள். இதுதான் அறிகுறி. திடீரென்று நிறுத்தாதீர்கள், "இன்னும் மூணு சனிக்கிழமை இருக்கு" என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டுங்கள். கடைசி நாளன்று புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், பரிசும் கேக்கும் வேண்டாம். வழக்கமான வாக்கியம், வழக்கமான அரை மணி.

எங்கள் கடைசிச் சனிக்கிழமை அவள் ரப்பர் பாம்பை மட்டும் தனக்கு வேண்டும் என்றாள். கொடுத்தேன். அது இப்போது அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் சுருண்டு கிடக்கிறது, அண்ணி வாரத்துக்கு ஒரு தடவையாவது அலறுகிறார்.